பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

குழாய் வழி எரிவாயு எந்த ஊருக்கு வந்தாலும் அதன் பின்னாலேயே ஒரு பேச்சும் வந்துவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில், சங்கக் கூட்டங்களில், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதைக் கேட்கலாம். மொத்தம் மூன்று குற்றச்சாட்டுகள். மீட்டர் வேகமாக ஓடுகிறது. குழாயில் காற்றைக் கலந்து விடுகிறார்கள், அதனால்தான் தீ சோம்பலாக எரிகிறது. சிலிண்டர் என்றால் கண்ணால் பார்க்கலாம், கையால் அசைத்துப் பார்க்கலாம், அதில் ஏமாற்ற முடியாது. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இணைப்பு பெற்ற வீடுகளில் இதை மறுத்துப் பேசுபவரைக் காண்பது அரிது. பொறியியல் படித்தவரும் சொல்கிறார், ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரியும் சொல்கிறார்.

மூன்றுமே தவறு. வெறும் தவறாக இருந்தால் இவ்வளவு நீளமாக மறுக்க வேண்டியதில்லை. யாருக்கோ ஒரு தவறான நம்பிக்கை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். இந்த நம்பிக்கைக்கு நாம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதால் விட முடியவில்லை. மீட்டரையே முறைத்துக்கொண்டிருப்பவர் பில்லைப் படிப்பதில்லை, அடுப்பைத் திருப்பிப் பார்ப்பதில்லை, விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்பதும் இல்லை. எரிவாயு வாடிக்கையாளருக்குக் குறைகள் உண்டா என்றால், நிறைய உண்டு. ஆனால் உண்மையான குறை ஒன்றுகூட அந்த மூன்றில் இல்லை.

முதலில் மீட்டரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் மாட்டியிருப்பது சவ்வு மீட்டர். பெட்டிக்குள் இரண்டு அறைகள். ஒவ்வோர் அறையையும் நடுவில் பிரிக்கும் ஒரு நெகிழ்வான சவ்வு. அடுப்பைப் பற்றவைத்ததும் வாயு ஒரு பக்கம் நிரம்பிச் சவ்வைத் தள்ளுகிறது; மறுபக்கம் இருந்த வாயு அடுப்புக்குப் போகிறது. பிறகு திசை மாறுகிறது. ஒவ்வொரு தள்ளலிலும் வெளியேறுவது ஒரே கொள்ளளவு. அந்த அசைவை ஒரு நெம்புகோல் எண்சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. வாயு போகாமல் சவ்வு அசையாது, சவ்வு அசையாமல் சக்கரம் சுற்றாது. மின்விசிறியைப் போட்டால் ஓடும், மழை பெய்தால் ஓடும் என்பதெல்லாம் கதை.

இந்த வகை மீட்டருக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 1359. இதில் வழக்கமாக வீடுகளுக்குப் பொருத்தப்படும் வகுப்பில், புது மீட்டரின் பிழை சாதாரண ஓட்டத்தில் 1.5 விழுக்காட்டையும், மிக மெல்லிய ஓட்டத்தில் 3 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. அந்தப் பிழை கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். நிறுவனத்துக்கு நட்டமாகவும் விழலாம். மாதம் 600 ரூபாய் பில் வரும் வீட்டில் 1.5 விழுக்காடு என்பது 9 ரூபாய். சவ்வு பழசாகி இறுகினால் பிழை கூடும்தான். அதற்கு மீட்டரைச் சோதித்துத் தரும்படி எழுதிக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சிவந்த முகம் போட்டுப் பயனில்லை.

மீட்டர் விஷயத்தில் கோபப்பட ஒன்று இருக்கிறது. மளிகைக் கடைத் தராசுக்கு எடையளவுச் சட்டப்படி ஆண்டாண்டுக் காலமாக முத்திரை கேட்கிறோம். வீட்டு எரிவாயு மீட்டரைச் சோதித்து முத்திரையிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற வரைவு விதிகளை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்டது 2025இன் தொடக்கத்தில்தான். நாட்டில் குழாய் எரிவாயு வீடுகளுக்குள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகு! ‘மீட்டர் ஓடுகிறது’ என்று புலம்பிய நேரத்தில் ‘மீட்டருக்கு முத்திரை எங்கே’ என்று நாம் கேட்டிருந்தால் இந்த விதி முன்பே வந்திருக்கும்.

சந்தேகம் தீராதவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். எண்சக்கரத்தில் கறுப்பு எண்கள் கன மீட்டர்; புள்ளிக்குப் பின்னால் வரும் சிவப்பு எண்கள் லிட்டர். அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டுச் சிவப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு தூங்கி எழுந்து பாருங்கள். ஓர் எண் நகர்ந்திருந்தாலும் அது கசிவு. உடனே வால்வை மூடி, அவசர எண்ணை அழைக்க வேண்டும். நகரவில்லை என்றால் மீட்டர் சும்மா ஓடவில்லை. அடுத்து, ஒரு பர்னரை முழுத் தீயில் ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். பர்னரின் அளவைப் பொறுத்து 0.15 முதல் 0.3 கன மீட்டர் வரை காட்டும். ஒரு கன மீட்டர் காட்டினால் நான் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இரண்டாவது, காற்றுக் கலப்பு. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் வேறு வேறு எரிபொருள்கள். ஒரு கன மீட்டர் எல்பிஜி ஆவியில் இருக்கும் வெப்பம், அதே அளவு இயற்கை எரிவாயுவில் இருப்பதைவிட இரண்டரை மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு, சிலிண்டர் ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயுவை விடுகிறது. குழாயில் வருவது 21 மில்லிபார். எல்பிஜிக்குச் செய்த அடுப்பில், எல்பிஜிக்குத் துளைத்த ஜெட்டின் வழியாக மீத்தேனை விட்டால் தீ சோம்பித்தான் எரியும். காற்றைக் கலக்கவே வேண்டாம்.

அதனால்தான் இணைப்பு கொடுக்க வரும் ஆள் அடுப்பைக் கவிழ்த்து, பித்தளை ஜெட்டைக் கழற்றுகிறார். ஊசி முனை நுழையும் அளவுத் துளையைப் பெரிதாக்குவார், அல்லது பெரிய துளையுள்ள ஜெட்டைப் போடுவார். ஐந்து நிமிட வேலை. நாமும் நிம்மதியாகப் பற்றவைத்துப் பால் காய்ச்சுகிறோம். பணம் ஓட ஆரம்பிப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

ஜெட்டை மாற்றிவிட்டால் அடுப்பு குழாய் எரிவாயுவுக்கு ஏற்றதாகிவிடுவதில்லை. வாயுவோடு காற்று கலக்கும் குழலின் அளவு, பர்னர் தலையின் துளைகள், பாத்திரம் உட்காரும் உயரம் எல்லாம் பழைய எரிபொருளுக்காகச் செய்தவை. மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சி அமைப்பான பிசிஆர்ஏ சொல்லும் கணக்கு இது: இப்படி மாற்றிய அடுப்பின் வெப்பத்திறன் 40 விழுக்காடு அளவில்தான் நிற்கிறது, குழாய் எரிவாயுவுக்கென்றே செய்த தரமான அடுப்பில் 55 விழுக்காடு. ஒரே சாம்பாருக்கு, ஒரே குக்கருக்கு, மாற்றிய அடுப்பில் 600 ரூபாய்க்கு எரிவது சரியான அடுப்பில் சுமார் 436 ரூபாயில் முடியும். மாதம் 164 ரூபாய் வித்தியாசம். மீட்டரின் 9 ரூபாயோடு இதை வைத்துப் பாருங்கள். நாம் சண்டை போடுவது எந்த ரூபாய்க்கு, விட்டுவிடுவது எந்த ரூபாயை?

இங்கே நிறுவனங்களையும் சும்மா விடக் கூடாது. ‘சிலிண்டரைவிட மலிவு’ என்பது குழாய் எரிவாயுவின் நிரந்தர விளம்பரம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 14.2 கிலோ எல்பிஜியில் கிலோவுக்குச் சுமார் 11,900 கிலோகலோரி. இயற்கை எரிவாயுவில் கன மீட்டருக்குச் சுமார் 9,500. ஆக ஒரு சிலிண்டரின் வெப்பம் 18 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2025 ஏப்ரலில் சென்னையில் வீட்டுச் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. அப்படியென்றால் கன மீட்டர் 48, 49 ரூபாய்க்குள் இருக்கும்வரை குழாய் மலிவு. விளம்பரத்தின் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

வாங்கிய வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்துக்குப் போகிறது என்பதையும் சேருங்கள். ஐஎஸ்ஐ தரப்படி எல்பிஜி அடுப்புக்கு 68 விழுக்காட்டுத் திறன் வேண்டும். அது ஆய்வகத்தில் புது அடுப்புக்கு வரும் எண், வீட்டில் குறையும். இருந்தாலும் அதை அளவுகோலாக வைத்தால், ஒரு சிலிண்டர் செய்யும் சமையலுக்கு 55 விழுக்காட்டு அடுப்பில் 22 கன மீட்டர் வேண்டும். ஜெட் மாற்றிய 40 விழுக்காட்டு அடுப்பில் 30 கன மீட்டர். மலிவாக இருப்பதற்கான வரம்பு 49 ரூபாயிலிருந்து 39க்கும், பிறகு 29க்கும் இறங்கிவிடுகிறது. ‘குழாய்க்கு மாறியும் செலவு குறையவில்லையே’ என்று சொல்லும் குடும்பத்தலைவி பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த விளைவு உண்மை. காரணமாகக் காட்டியதுதான் தவறு. மீட்டரும் காற்றும் பழியைச் சுமக்க, அடுப்பும் விளம்பரமும் தப்பித்துக்கொண்டன.

மூன்றாவது, சிலிண்டர் நம்பகமானது என்பது. இதில் ஓர் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எடை வெயிலுக்கு மாறாது, 14.2 கிலோ ஜனவரியிலும் 14.2, கத்திரியிலும் 14.2. அளவை முறை என்ற வகையில் கிலோ கன மீட்டரைவிட நேர்மையானது. ஆனால் அந்தக் கிலோவை நிறுத்துப் பார்த்தவர் யார்? சிலிண்டரின் மேல்வளையத்தில் வெற்று எடை பொறித்திருக்கிறது. நிறுத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் 14.2 வர வேண்டும்; 150 கிராம் கூடக் குறைய அனுமதி உண்டு. நிறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதைக் கேட்கும் வீடுகள் ஒரு தெருவில் எத்தனை? சீல் இருக்கிறதா என்று பார்க்கிறோம், ஓர் ஆட்டு ஆட்டுகிறோம், உள்ளே உருட்டிவிடுகிறோம்.

அதற்குப் பிறகு இன்னொரு காட்சி. அதே 2025 ஏப்ரல் விலையில், ரசீதில் 868.50. கொடுப்பது 920. சில்லறை வாங்காமல் கதவைச் சாத்துகிறோம். வீட்டு வாசல்வரை கொண்டுவந்து தரும் செலவு ரசீது விலையிலேயே சேர்ந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று மாடி தோளில் தூக்கி வருபவருக்கு 50 ரூபாய் கொடுப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்கு ஒழுங்கான கூலி கிடைப்பதில்லை என்பது தனிக் கதை. ஆனால் அது கிட்டத்தட்ட 6 விழுக்காடு. எந்த மீட்டர் பிழையையும்விடப் பெரிய தொகையை மாதாமாதம் முகம் சுளிக்காமல் கொடுத்துக்கொண்டே சிலிண்டரில் ஏமாற்ற முடியாது என்று சொல்கிறோம்.

அந்த 868.50கூட முழு விலையில்லை. இந்தியா பயன்படுத்தும் எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி. விலைக்கு அடிப்படை சவூதி அரேபிய நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலை. அது ஏறும்போது உள்நாட்டு விலையை அப்படியே ஏற்றாமல், எண்ணெய் நிறுவனங்களின் நட்டத்தை அரசு பின்னால் ஈடுகட்டுகிறது: 2022 அக்டோபரில் 22,000 கோடி ரூபாய், 2025 ஆகஸ்டில் 30,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். இதில் தப்பில்லை, ஏழை வீட்டு அடுப்பு அணையாமல் இருக்க அரசு செலவழிக்கத்தான் வேண்டும். ஆனால் ரசீதில் இருப்பது முழு விலை, குழாய்க்காரர் மட்டும் ஏதோ கணக்கில் விளையாடுகிறார் என்ற எண்ணம் நிற்காது. சிலிண்டரின் விலையில் ஒரு பகுதியை நாம் வேறு பையிலிருந்து, வரியாக, கட்டியிருக்கிறோம்.

மூன்று குற்றச்சாட்டும் போய்விட்டன. இனி எங்கே சந்தேகப்பட வேண்டும்?

முதல் இடம் பில்லில் இருக்கும் மூன்று எழுத்து: எஸ்சிஎம். மீட்டர் அளப்பது வெறும் கன மீட்டர். எஸ்சிஎம் என்பது 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் கடல்மட்டக் காற்றழுத்தத்திலும் இருக்கும் நியமக் கன மீட்டர். வாயு சூடானால் விரியும், அழுத்தினால் சுருங்கும். 30 டிகிரி வெப்பத்தில், 21 மில்லிபார் கூடுதல் அழுத்தத்தில் இருக்கும் ஒரு கன மீட்டரை நியம நிலைக்கு மாற்றினால் 0.97தான் வரும். வெப்பம் 5 விழுக்காட்டைக் குறைக்கிறது. அழுத்தம் 2 விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது. மீட்டரில் ஓடிய 100 கன மீட்டரை அப்படியே 100 எஸ்சிஎம் என்று எழுதி விலை போட்டால், வாடிக்கையாளர் 3 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறார்.

3 விழுக்காடு சின்னத் தொகை, 600 ரூபாயில் 18 ரூபாய். ஆனால் மீட்டர் பிழைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மீட்டர் பிழை ஒரு வீட்டில் கூடும், அடுத்த வீட்டில் குறையும். ஊர் முழுக்கப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். வெப்பநிலைக் கணக்கு சென்னை போன்ற ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே பக்கம்தான் சாயும். மார்கழிக் காலையிலும் சென்னையில் 15 டிகிரிக்கு இறங்குவது அபூர்வம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: மீட்டரில் ஓடியதை எஸ்சிஎம்மாக மாற்ற எந்த எண்ணால் பெருக்கினீர்கள்? அந்த எண் பில்லில் இருக்கிறதா?

இரண்டாவது இடம் இதைவிடப் பெரியது. நமக்கு வேண்டியது வாயு இல்லை, வெப்பம். ஒரு கன மீட்டரில் எவ்வளவு வெப்பம் இருக்கும் என்பது வாயு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. காவிரிப் படுகையின் கிணறுகளிலிருந்து வரும் வாயு ஒரு மாதிரி. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, 2019இல் திறந்த எண்ணூர் முனையத்தில் இறக்கி, மீண்டும் ஆவியாக்கிக் குழாயில் விடுவது ஒரு மாதிரி. ஈத்தேன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்பதைப் பொறுத்து வெப்பம் சில விழுக்காடு ஏறி இறங்கும். எரிவாயு வணிகத்தில் இருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் மொத்தச் சந்தையில் யாரும் கன மீட்டரில் விலை பேசுவதில்லை. அங்கே அலகு எம்எம்பிடியு, அதாவது பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு. நகர எரிவாயு நிறுவனம் வெப்பத்தை வாங்குகிறது. வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் கொள்ளளவாக விற்கிறது.

பால் கொள்முதல் நிலையத்தில் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் (எஸ்என்எஃப்) பார்த்து விலை போட்டுவிட்டு, கடையில் லிட்டர் கணக்கில் விற்பது போன்றது இது. ஆனால் ஆவின் பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறது. எரிவாயு பில்லில் கிலோகலோரி எங்கே?

முடியாத காரியத்தைக் கேட்பதாக நினைக்க வேண்டாம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் ஒரு தமிழ் வீட்டின் எரிவாயு பில்லை எடுத்துப் பார்த்தால் கணக்கு வரிவரியாக இருக்கும். மீட்டரில் ஓடிய கன மீட்டர், அதை 1.02264 ஆல் பெருக்குகிறார்கள். வெப்பநிலை, அழுத்தத்துக்காக 1996ஆம் ஆண்டு விதிகள் வீடுகளுக்கு நிர்ணயித்த திருத்த எண் அது. பிறகு அந்தக் காலத்தில் குழாயில் வந்த வாயுவின் வெப்ப மதிப்பால் பெருக்கி, 3.6ஆல் வகுத்து, கிலோவாட் மணியாக்கி விலை போடுகிறார்கள். குளிர் நாடு என்பதால் அங்கே திருத்த எண் ஒன்றுக்கு மேல் போய் நிறுவனத்துக்குச் சாதகமாகிறது. ஆனாலும் மறைக்கவில்லை. இங்கே வெயில் நாடு. அதே கணக்கு வாடிக்கையாளருக்குச் சாதகமாக வரும். அதைப் பில்லில் காட்டச் சொல்லி நாம் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.

கணக்கைக் காட்டினால் விலை இறங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2022இல் பிரிட்டனில் எரிவாயு விலை குடும்பங்களை நடுங்கவைத்தது. ஆனால் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்கு அங்கே ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2019 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரம்பு ஏறும்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று மக்களுக்குத் தெரியும். நமக்கு அது தெரியாது என்பதே மூன்றாவது இடம்.

‘நம் மண்ணில் எடுக்கும் வாயுவுக்கு டாலரில் ஏன் விலை?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, பதிலும் பொதுவெளியில் இருக்கிறது. ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா நிறுவனங்களின் பழைய வயல்களில் கிடைக்கும் வாயுவின் விலை 2014 முதல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ரஷ்யா விலைகளின் சராசரியோடு கட்டப்பட்டிருந்தது. 2020 அக்டோபரில் ஒரு எம்எம்பிடியுவுக்கு 1.79 டாலராக இருந்தது 2022 அக்டோபரில் 8.57 டாலராகப் பாய்ந்தது. கிரித் பாரிக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2023 ஏப்ரல் முதல், இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 விழுக்காடு என்று மாற்றினார்கள். அப்போது வைத்த வரம்புப்படி 4 டாலருக்குக் கீழே போகாது, 6.5 டாலருக்கு மேலே ஏறாது. உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 6.75 ஆனது. இந்த மலிவு வாயுவில் வீட்டு அடுப்புக்கு முன்னுரிமை.

ஒரு எம்எம்பிடியு சுமார் 26.5 கன மீட்டர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், 6.75 டாலர் வரம்பில் கிணற்று விலை கன மீட்டருக்கு 21, 22 ரூபாய். உங்கள் பில்லில் ஒரு கன மீட்டருக்குப் போட்டிருக்கும் விலையிலிருந்து இதைக் கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் நீண்ட தூரக் குழாய்க் கட்டணம், ஊருக்குள் குழாய் பதித்த செலவு, நிறுவனத்தின் லாபம், மாநில அரசின் வாட் வரி எல்லாம் அடங்கும். இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. வீட்டுச் சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. டாலரைத் திட்டுபவர்கள் இந்த மிச்சத்தை யார் சரிபார்க்கிறார்கள் என்று கேட்பதில்லை.

கேட்டால் பதில் இதுதான்: யாருமில்லை. பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. ஒவ்வொரு பகுதிக்கும் ஏலம் நடத்தி ஒரே நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கிறது. அண்மைச் சுற்றுகளில் எட்டு ஆண்டுகளுக்கு அந்தப் பகுதியில் வேறு யாரும் வாயு விற்க முடியாது. ஏகபோகத்தைக் கொடுக்கும் அந்த வாரியம் விலையைக் கட்டுப்படுத்துமா? டெல்லியில் இந்திரபிரஸ்தா நிறுவனத்தின் கட்டணத்தைக் குறைக்க 2012இல் முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வீட்டுக்கு விற்கும் விலையை நிர்ணயிக்க இந்தச் சட்டம் வாரியத்துக்கு அதிகாரம் தரவில்லை என்று 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைக் கொடுக்கும்படி தமிழ்நாட்டில் எந்தக் குடியிருப்போர் சங்கமாவது தீர்மானம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மின்சாரத்தை எண்ணிப் பாருங்கள். கட்டணத்தை உயர்த்தும் முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. கட்டணம் ஏறியது என்பது உண்மைதான். ஆனாலும் நெசவாளர் பேசினார், சிறுதொழில் முனைவோர் பேசினார், பேசியது பதிவானது. குழாய் எரிவாயு விலை மாறும்போது நமக்கு வருவது ஒரு குறுஞ்செய்தி.

‘கிலோகலோரி, எம்எம்பிடியு எல்லாம் சாதாரண மனிதருக்குப் புரியுமா?’ என்று கேட்பவர்கள் நம் வீடுகளைப் பார்த்ததில்லை. இரண்டு மாத மின் ரீடிங்கில் முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் கட்டணம் எகிறும் என்பதைக் கணக்கிட்டு, ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கும்போது ஏசியை அணைக்கச் சொல்லும் அம்மாக்கள் இருக்கும் மாநிலம் இது. ஒரு கிராம் தங்கத்தில் செய்கூலி, சேதாரம் எத்தனை விழுக்காடு என்று நின்று பேரம் பேசுபவர்களுக்கு வெப்ப மதிப்பு என்ற ஓர் எண் புரியாதா? எண்ணைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். இதுவரை யாரும் காட்டவில்லை.

குழாய் எரிவாயு வேண்டாம் என்பது என் கட்சியில்லை. மீத்தேன் காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும், எல்பிஜிபோலத் தரையில் தேங்காது. புக் செய்து காத்திருக்க வேண்டாம், பயன்படுத்திய பிறகு பணம் கட்டினால் போதும். நல்ல பொருளை நல்ல கணக்கோடு வாங்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த மாதம் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஒன்று, அடுப்பைத் திருப்பிப் பாருங்கள். ஜெட் மாற்றிய பழைய அடுப்பு என்றால், குழாய் எரிவாயுவுக்கென்று ஐஎஸ்ஐ முத்திரையோடு வரும் அடுப்புக்கு மாறுங்கள். மிச்சமாகும் பணத்தில் அதன் விலை விரைவில் திரும்பிவிடும். இரண்டு, உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: எஸ்சிஎம் திருத்த எண் என்ன, இந்த மாத வாயுவின் வெப்ப மதிப்பு என்ன, மீட்டரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது. மூன்று, வீட்டு எரிவாயு விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை வாரியத்துக்குக் கொடுக்கும்படி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள்.

மீட்டரை எத்தனை முறை தட்டினாலும் பில் குறையாது. இந்த மூன்றையும் ஒரு குடியிருப்பு முழுவதும் சேர்ந்து செய்தால் குறையும்.